கொக்கி மாற்றச் சொன்ன வருசம்

பனியன் மிஷினுக்கு ஊசி மாற்றுகிற ஃபிட்டர் வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவராக இருக்க வேண்டும். திருப்பூரில் அந்தக் காலத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒரு கம்பெனியில் என்ன நம்பர் நூல் ஓடுகிறது, எந்த ஊர் வியாபாரி வந்து உட்கார்ந்திருக்கிறார், எந்த ஊசியைக் கழற்றி வைத்துத் துணியில் என்ன கோடு எடுக்கிறார்கள் என்பதெல்லாம் முதலாளிக்கு அடுத்தபடி ஃபிட்டருக்குத்தான் தெரியும். அதே ஃபிட்டர் மறுநாள் அடுத்த தெருக் கம்பெனியில் நிற்பார். இங்கே பார்த்ததை அங்கே சொன்னார் என்று ஒரே ஒரு தடவை பேர் வந்துவிட்டால் போதும். அப்புறம் பையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றால், "இன்னிக்கு மிஷினெல்லாம் நல்லாத்தான் ஓடுதுங்க" என்று வாசலிலேயே சொல்லி அனுப்பிவிடுவார்கள். கொங்கு நாட்டில் விரட்டுவதுகூட "ங்க" போட்டுத்தான்.

கியாசுதீனுக்கு அப்படி ஒரு பேர் வந்ததே கிடையாது. அவருடைய அத்தா தாராபுரத்துக்காரர், சந்தைக்குச் சந்தை கொத்துமல்லி விற்றவர். அம்மா பிறந்தது பல்லடம். அத்தாவின் தங்கையைக் கட்டிய மாமா ஒருவர் சென்னியப்பனின் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்தார். அந்த மாமா சொல்லித்தான் கியாசுதீன் மீசை அரும்பின வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கொத்துமல்லி மூட்டை தூக்கப் பிறந்த கை, பார்த்தால் தடித்தடியாக இருக்கும். ஆனால் மயிரிழை மாதிரி ஊசி, அதன் நுனியில் ஒரு கொக்கி, கொக்கியை மூட ஒரு சின்ன நாக்கு, அந்த நாக்கு வளைந்திருக்கிறதா நேராக இருக்கிறதா என்று அந்தத் தடித்த விரல் தடவிப் பார்த்தே சொல்லிவிடும்.

சென்னியப்பன் தறிக்குழியில் கால் வைத்து வளர்ந்தவர். சென்னிமலை முருகனைக் கும்பிடாமல் பல்லில் குச்சி வைக்கமாட்டார். கைத்தறியை விட்டுவிட்டு பனியன் மிஷின் வாங்கினபோது சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. அவர் சிரித்தவர்களுக்கும் வேலை கொடுத்தார். ஒரு தடவை கப்பலில் வந்து இறங்கிய மிஷினைப் பார்த்து எடுக்க பம்பாய்க்குப் போனார். திரும்பி வரும்போது மிஷினோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. அதற்குள்ளே கரண்டில் ஓடுகிற விளையாட்டு ரயில். ஒரு கறுப்பு இஞ்சின், ஆட்கள் உட்கார்ந்து போகிற மாதிரி ஜன்னல் வைத்த தகரப் பெட்டிகள் நாலு, அதில் ஒன்று ரயிலின் வாலில் போகிற கார்டு பெட்டி, கூடவே துண்டு துண்டாகத் தண்டவாளம். மகன்களுக்காக வாங்கினேன் என்றார். மூத்த மகன் கந்தவேலுக்கு அப்போதே கல்யாணமாகியிருந்தது. இளையவன் சிவசுப்பிரமணியம் கல்லூரியை முடித்துவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். யாருக்காக வாங்கினார் என்று எல்லோருக்கும் புரிந்தது. யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அதிலிருந்து ஆயுத பூசை என்றால் அந்தக் கம்பெனியில் ரயில் ஓடும். மிஷினெல்லாம் நிறுத்திப் பொட்டு வைத்து, சூடம் காட்டி, பொரி கடலை கொடுத்து முடிந்ததும் துணி வெட்டுகிற நீள மேசையைத் துடைத்துவிடுவார்கள். தண்டவாளம் பூட்டுவது கியாசுதீன். இஞ்சினை எடுத்து வைப்பது கந்தவேல். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து ஒன்றோடொன்று கொக்கி மாட்டிக் கோப்பது சிவசுப்பிரமணியம். கரண்டுப் பெட்டியின் திருகைப் பெரியவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. செக்கிங்கில் இருக்கிற பெண்கள், டெய்லர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள் எல்லோரும் மேசையைச் சுற்றி நிற்பார்கள். ரயில் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கைதட்டு. ஒரு வருசம் ஒரு பெட்டியின் கொக்கி முறிந்துபோனது. கியாசுதீன் தேய்ந்த ஊசி ஒன்றை வெட்டி, வளைத்து, அதே கொக்கி மாதிரி செய்து மாட்டினார். அது மற்றதைவிடக் கெட்டியாகப் பிடித்தது.

பெரியவர் போன பிறகு அண்ணனும் தம்பியும் கொஞ்ச வருசம் ஒன்றாகத்தான் இருந்தார்கள். சண்டை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சாயப்பட்டறை போட்டுக் கலர் துணி ஓட்டலாம் என்றான் தம்பி. வெள்ளைப் பனியன் சோறு போடும்போது சாயத் தண்ணீர் எதற்கு என்றார் அண்ணன். அதோடு போயிருக்கும். ஒரு நாள் வெளியூர் வியாபாரி எதிரில், "அவன் சொல்றதை விடுங்க, அவனுக்கென்ன தெரியும்" என்று கந்தவேல் சொல்லிவிட்டார். இலையில் உட்கார்ந்திருந்த சிவசுப்பிரமணியம் கையை உதறிவிட்டு எழுந்துபோனான். பாதிச் சோற்றில் எழுந்தவனை மறுபடி உட்கார வைக்க ஜானகியம்மாள், அதாவது கந்தவேலின் வீட்டுக்காரி, வாசல்வரை போனாள். முடியவில்லை. அந்த மாசமே பாகம் பிரிக்கப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் குடும்பங்களில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். வைக்கிறவனே எடுத்தால் நியாயம் கோணும் என்று முன்னோர் கண்ட வழி. மிஷின், நூல், அண்டா குண்டா எல்லாம் அப்படியே பிரிந்தது. கடைசியில் அலமாரியிலிருந்து ரயில் வந்தது. அதையும் பிரிக்க வேண்டுமா என்று யாரோ சிரித்தார்கள். கந்தவேல் சிரிக்கவில்லை. இஞ்சினையும் தண்டவாளத்தையும் கரண்டுப் பெட்டியையும் ஒரு பக்கம் வைத்தார். நாலு பெட்டிகளை மறுபக்கம் வைத்தார். தம்பி இஞ்சினைத்தான் எடுப்பான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் பெட்டிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இஞ்சினை உட்டுப்போட்டு வெறும் பொட்டியை எடுக்கறயே கண்ணு" என்றார் உறவில் மூத்த ஒருவர்.

"எனக்கு இது போதுமுங்க" என்றான் அவன்.

தம்பி ஊத்துக்குளி ரோட்டில் வாடகைக்கு ஒரு ஷெட் பிடித்தான். மிஷின் பிரிந்தது, ஆட்கள் பிரிந்தார்கள். கியாசுதீனை மட்டும் பிரிக்க முடியவில்லை, இரண்டு பேருக்கும் அவர் வேண்டும். வாரத்தில் பாதி அண்ணன் கம்பெனி, பாதி தம்பி கம்பெனி என்று ஆனது. தம்பி கம்பெனியில் செக்கிங் பார்த்த நஞ்சம்மாளுக்கு வாய் சும்மா இருக்காது. அவர் சைக்கிளை நிறுத்தினாலே, "வாங்க ரெண்டூட்டு மாப்பிள்ளை, அந்த மாமியாரூட்டுல இன்னிக்கு என்னங்க கொழம்பு?" என்பாள். பெண்கள் சிரிப்பார்கள். கியாசுதீனும் சிரிப்பார். குழம்பு என்னவென்று மட்டும் சொல்லமாட்டார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று தம்பியும், தம்பிக்கு ஆர்டர் எப்படி என்று அண்ணனும் ஆரம்பத்தில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்கள். ஊசி எத்தனை தேய்ந்திருக்கிறது என்பதைத் தவிர அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு கேட்பதை விட்டுவிட்டார்கள். அவரை வைத்துக்கொண்டே எல்லாம் பேச ஆரம்பித்தார்கள். சுவரை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி.

அப்படிப் பேசினதில்தான் ஒன்று அவர் காதில் விழுந்தது. பாகம் பிரிந்த முதல் வருசம், ஆயுத பூசைக்கு முந்தின வாரம், கந்தவேல் அவரைக் கூப்பிட்டு இஞ்சினுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு வைக்கச் சொன்னார். ஆபீஸ் அறையில் ஜானகியம்மாள் துணி விரித்தாள். கியாசுதீன் நாலு துண்டுத் தண்டவாளத்தைப் பூட்டி இஞ்சினை விட்டுப் பார்த்தார். பின்னால் பெட்டி இல்லாமல் இஞ்சின் மட்டும் ஓடுவது பார்க்க நன்றாக இல்லை. கந்தவேல் சீக்கிரமே நிறுத்திவிட்டார்.

"கொக்கிக்கும் ஒரு சொட்டு உடு கியாசு" என்றார்.

ஜானகியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. தம்பியை ஒரு வார்த்தை கூப்பிட்டால்தான் என்ன என்று கேட்டாள்.

"அவனூட்டுக்கு அவனையே வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கறதா? அழைச்சா ஒறம்பரை ஆயிருவான், விருந்தாளியா வந்துட்டுப் போயிருவான். பொட்டி கோக்கறது அவன் வேலை. வந்து கோக்கட்டும்."

தம்பி வரவில்லை. பாகம் பிரிந்த பிறகு பங்காளி வீட்டுப் பூசைக்கு அழைப்பில்லாமல் போவது எப்படி? மறுவருசமும் எண்ணெய் விடச் சொன்னார். அதற்கு மறுவருசமும். கொக்கிக்கு ஒரு சொட்டு என்பதையும் ஒரு தடவை விடவில்லை. பிடிப்பதற்கு ஒன்றுமில்லாத கொக்கி பளபளவென்று இருந்தது. கியாசுதீன் விட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, தம்பி கம்பெனிக்குப் போய் ஊசி மாற்றுவார். இதைத் தம்பியிடம் சொல்லலாம் என்று தோன்றும். ஆனால் சொல்வது அவர் வேலை இல்லை.

அறுபத்தொன்பதில் சிவசுப்பிரமணியம் சொந்த இடத்தில் கம்பெனி கட்டினான். இப்போது அவன் என்று சொல்வது தகாது, அவர் என்றே சொல்வோம். தலையில் நரைகூட எட்டிப் பார்த்தது. சாயச் சரக்கு வாங்க பம்பாய்க்குப் போனவர் தன் அப்பாவைப் போலவே அட்டைப்பெட்டியோடு வந்தார். புது இஞ்சின், புதுத் தண்டவாளம். சொந்தக் கட்டிடத்தில் முதல் ஆயுத பூசை, ரயில் ஓட வேண்டும் என்று ஆசை. அகலம் ஒன்றுதான், பழைய பெட்டிகள் புதுத் தண்டவாளத்தில் அழகாக உருண்டன. இஞ்சினோடு மட்டும் சேரவில்லை. பழைய கொக்கி, விரலை மடக்கின மாதிரி இரும்பு. புது இஞ்சினில் இருந்ததோ பட்டையான கம்பி, அதன்மேல் ஏறி விழுந்து பிடிக்கிற கொக்கி. இரண்டும் முட்டிக்கொண்டு நின்றன. கடைக்காரன் இதைச் சொல்லி ஒரு காகிதப் பொட்டலத்தில் புதுக் கொக்கிகளும் கொடுத்திருந்தான்.

சிவசுப்பிரமணியம் நாலு பெட்டிகளையும் பொட்டலத்தையும், அளவு பார்க்கப் புது இஞ்சினையும் கியாசுதீன் கையில் கொடுத்தார். எல்லாக் கொக்கியையும் எடுத்துவிட்டு இதை மாட்டிவிடுங்கள் பாய், பூசைக்கு முன்னால் வேண்டும் என்றார். சரிங்க என்று வாங்கிக்கொண்டார் கியாசுதீன். வேறென்ன சொல்வார்?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டு, வீட்டு முன்கட்டில் பழைய பனியன் துணியை மடித்துப் போட்டு உட்கார்ந்தார். முதல் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார். சக்கரம் வானத்தைப் பார்த்தது. கொக்கியை ரிவிட் அடித்துப் பிடித்திருந்தார்கள். கழற்றி மறுபடி மாட்டுகிற திருகாணி இல்லை. ரிவிட்டின் தலையைத் தேய்த்து, துளைத்து, தட்டினால்தான் வரும். வந்த கொக்கி அப்புறம் உதவாது. மெதுவாகத் துளைத்தார். விழுந்தது. அந்த ஓட்டையில் புதுக் கொக்கியை வைத்துப் பார்த்தால் உயரம் தாழ்ந்து நின்றது, இஞ்சினின் கம்பிக்கு அடியில் நுழைந்துவிடும். கெட்டி அட்டையில் சின்ன வில்லை வெட்டி இடையில் கொடுத்து உயர்த்தினார். ஆடவும் வேண்டும், தொங்கவும் கூடாது. வளைவில் திரும்பும்போது இறுக்கமாகப் பிடித்தால் பெட்டி தடம் புரளும். ஒரு பக்கம் சரியாக வந்தது. இஞ்சினைக் கிட்டே கொண்டுபோனார். டக்கென்று ஏறி விழுந்து பிடித்துக்கொண்டது.

வேலை சுத்தமாக இருந்தது.

பெட்டியை மறுபக்கம் திருப்பினார். அடுத்த ரிவிட்டில் துளைக்கிற கம்பியை வைத்தார், எடுத்தார். இரண்டாவது பெட்டியை எடுத்துக் கவிழ்த்தார், அதையும் நிமிர்த்தி வைத்துவிட்டார். இந்தக் கொக்கிகள் போனால் இந்தப் பெட்டிகள் இனி எந்தக் காலத்திலும் அண்ணன் வீட்டு இஞ்சினோடு சேராது. அண்ணன் வருசா வருசம் கொக்கிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருப்பதற்கு அர்த்தமில்லாமல் போகும். அது அண்ணனுக்கும் தெரியாது, தம்பிக்கும் தெரியாது. தெரிந்தவர் இவர் ஒருவர்.

உள்ளிருந்து வந்த சபுரா பீவி டம்ளரை வைத்துவிட்டு நின்றாள். கம்பெனி விசயம் எதையும் அவளிடமும் சொல்லாத மனுசர் அன்றைக்குச் சொன்னார். பங்கு வைத்தது, எண்ணெய் விடுவது, வெற்றிலை பாக்குப் பேச்சு எல்லாம். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணன் காத்துட்டு இருக்கறது தெரியாதுங்களே. தெரிஞ்சா மாத்தச் சொல்லுவாரா சின்னவரு" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்து, "சொல்றதுன்னா சொல்லீருங்க. ஆனா சொன்னீங்கன்னா அப்புறம் அவங்களுக்கு நீங்க வேற ஆளு. அது தெரிஞ்சு சொல்லுங்க."

"தெரியும்" என்றார்.

"அங்க பாத்ததை இங்க சொல்லாத ஆளுன்னு பேரு வாங்கி ரெண்டு கம்பெனிக்கும் இத்தன வருசம் நிமிந்து போயிட்டு வந்தீங்க."

"தெரியும் சபுரா."

அவள் எழுந்து உள்ளே போனாள். அவர் பெட்டிகளைத் துணியில் சுற்றி எடுத்து வைத்தார்.

மறுநாள் தம்பி கம்பெனியில் மிஷின் சத்தத்துக்கு நடுவே ஆபீஸ் அறைக்குப் போனார். சிவசுப்பிரமணியம் சாயக்கலர் அட்டைகளைப் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கியாசுதீன் பெட்டிகளை மேசைமேல் வரிசையாக வைத்தார். முதலாளி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க பாய், ஒண்ணுலதான் ஒரு பக்கம் மாத்தியிருக்குது?"

"ஆமாங்க."

"மத்ததெல்லாம்?"

"மாத்தோணுமுங்களா?"

"நாஞ் சொன்னது தமிழ்தானுங்களே" என்று சிரித்தார் சிவசுப்பிரமணியம்.

"மாத்திப்போட்டா அந்தப் பழைய இஞ்சின்ல மாட்டாதுங்க."

சிரிப்பு நின்றது. சாயக்கலர் அட்டையை அடுக்க ஆரம்பித்தார். "அந்த இஞ்சின் அலமாரியில துருப்புடிச்சுக் கெடக்கும். அதுக்கு எதுக்குங்க இதை வெச்சுட்டு?"

கியாசுதீன் அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். சரிங்க என்று சொல்லிப் பெட்டிகளைத் திரும்ப எடுத்திருக்கலாம். இத்தனை வருசம் அப்படித்தான் செய்தார். ஒரு கை பெட்டிமேல்கூடப் போனது.

"துரு இல்லீங்க" என்றார். "வருசா வருசம் பூசைக்கு முன்னால எண்ணெய் உடச் சொல்றாருங்க. நான்தான் உடறேன். கொக்கிக்கும் உடச் சொல்றாருங்க."

சிவசுப்பிரமணியம் அட்டைகளை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். முதலில் அவர் சொன்னது என்னவென்று பார்க்கவில்லை, சொன்னது யார் என்று பார்த்தார். அந்தப் பார்வை கியாசுதீனுக்குப் புரிந்தது. ஆரம்பித்ததை முடித்துவிடுவது என்று வெற்றிலை பாக்குப் பேச்சையும் சொன்னார். அழைத்தால் நீங்கள் விருந்தாளி ஆகிவிடுவீர்களாம், பெட்டி கோப்பது உங்கள் வேலையாம், வந்து கோக்கட்டும் என்கிறார் என்று சொன்னார்.

முதலாளி ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் உருட்டினார். பிறகு சிவசுப்பிரமணியம் யாரிடமோ சொல்வது மாதிரி சொன்னார்.

"அன்னைக்கு இஞ்சினை எடுத்திருந்தா அவரு பொட்டியத் தூக்கிட்டு எம்பட ஊட்டுக்கு வரோணும். அண்ணனை வர வெக்கற தம்பியா நானு? அதுக்குத்தான் பொட்டிய எடுத்தேன். கூப்புட்டா நாம கொண்டுபோயி மாட்டலாம்னு. கூப்புடுவாரு கூப்புடுவாருன்னு இருந்தேனுங்க பாய். கூப்புடவே இல்ல."

கியாசுதீனுக்கு அப்போதுதான் கணக்கு விளங்கியது. ஒருத்தர் அழைத்தால் தம்பி அந்நியனாகிவிடுவான் என்று அழைக்கவில்லை. ஒருத்தர் அழைக்காமல் போனால் மரியாதை இல்லை என்று போகவில்லை. இரண்டு பேரும் முறையாகத்தான் நடந்திருக்கிறார்கள். முறையாக நடந்தே இத்தனை வருசத்தைக் கழித்திருக்கிறார்கள்.

"பொட்டி இங்கேயே இருக்கட்டுமுங்க" என்றார் சிவசுப்பிரமணியம்.

ஆயுத பூசையன்று காலையில் கியாசுதீன் அண்ணன் கம்பெனியில் இருந்தார். அவருடைய சுத்தியும் குறடும் ஊசிப் பெட்டியும் மற்ற சாமான்களோடு பொட்டு வைத்துக்கொண்டு சாமி முன்னால் இருந்தன. சூடம் காட்டி முடிந்து பொரி கொடுக்கும்போது வாசலில் கார் நின்றது. சிவசுப்பிரமணியம் பட்டு வேட்டி கட்டி, அட்டைப்பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். பாகம் பிரிந்தபின் அந்த நடையை அவர் மிதிப்பது அதுதான் முதல் தடவை. ஜானகியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கந்தவேல் பொரித் தட்டைக் கீழே வைத்தார். வா என்று சொல்லவில்லை. தம்பி முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. ஆட்களைப் பார்த்து, "மேசையத் தொடைங்கப்பா, நேரமாவுதல்ல" என்றார்.

கியாசுதீன் தண்டவாளத்தைப் பூட்டினார். கந்தவேல் இஞ்சினை வைத்தார். சிவசுப்பிரமணியம் முதல் பெட்டியை எடுத்துக் கோக்கப் போனார், மாட்டவில்லை. கொக்கி மாற்றின பெட்டி அதுதான். இஞ்சினும் பெட்டியும் முட்டிக்கொண்டு நின்றன. சிவசுப்பிரமணியத்தின் காது சிவந்துவிட்டது. கியாசுதீன் கைநீட்டி அந்தப் பெட்டியை வாங்கி, திருப்பி, வரிசையின் கடைசியில் கொண்டுபோய் வைத்தார். மாற்றாத பக்கம் முன்னால் இருந்த பெட்டியைப் பிடித்துக்கொண்டது. மாற்றின பக்கம் எதையும் பிடிக்காமல் வாலில் நின்றது. கார்டு பெட்டி நடுவில் மாட்டிக்கொண்டது. கார்டு நடுவில் போகிற ரயிலைப் பார்த்ததுண்டா என்று யாரோ கேட்டார்கள், அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள்.

திருகை யார் தொடுவது? பெரியவர் இல்லை. அண்ணன் தம்பியைப் பார்த்தார், தம்பி அண்ணனைப் பார்த்தார். கடைசியில் ஜானகியம்மாள் போய்த் திருப்பினாள். ரயில் ஓடியது.

அது இரண்டாவது சுற்று வரும்போது சிவசுப்பிரமணியம் குனிந்து இஞ்சினையே பார்த்துக்கொண்டு, மனசு நிறைந்து, "வருசா வருசம் எண்ணெய் உட்டு வெச்சிருந்தீங்களாமா அண்ணா" என்றார்.

கந்தவேல் தலையாட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தவர் நிறுத்தினார். அறைக்குள் நடந்தது தம்பிக்கு எப்படித் தெரியும்? அவர் பார்வை மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கியாசுதீனிடம் போனது. கோபம் இல்லை. ரொம்ப நாளாகத் தான் சாய்ந்து உட்கார்ந்து பேசின சுவரில் ஜன்னல் இருப்பதை அன்றைக்குக் கண்ட மாதிரி ஒரு பார்வை. அப்புறம் மறுபடி ரயிலைப் பார்த்துச் சிரித்தார்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்தார்கள். கம்பெனி சேரவில்லை, அது தனித்தனிதான். ஆனால் போக்குவரத்து வந்தது. தம்பி வீட்டு விசேசத்துக்கு அண்ணன் போய்த் தலைமையாக நின்றார். அண்ணன் நூலைத் தம்பி பட்டறையில் சாயம் போடுவதைப் பற்றிப் பேச்சு நடந்தது. அந்தப் பேச்சு நடக்கும்போது கியாசுதீன் ஊசிப் பெட்டியோடு உள்ளே வந்தால், "டீ குடிச்சுப்போட்டு வாங்க பாய்" என்பார் சிவசுப்பிரமணியம். கந்தவேல், "கியாசு, அந்தக் கடைசி மிஷினைப் பாத்துட்டு வந்துரு" என்பார். அந்தக் கடைசி மிஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். சம்பளத்தில் குறையில்லை, தீபாவளிக்குத் துணி வழக்கத்தைவிட நல்லதாகவே வந்தது. ஜானகியம்மாள் ஒருத்திதான் முன்போலவே அவரை வைத்துக்கொண்டு சத்தமாகப் பேசினாள்.

அவர்கள் செய்தது தப்பு என்று அவரால் சொல்ல முடியவில்லை. தான் முதலாளியாக இருந்தால் தானும் அப்படித்தான் டீ குடிக்க அனுப்பியிருப்போம் என்று தோன்றியது. நல்லதைச் சொன்னவன் கெட்டதையும் சொல்லமாட்டான் என்று எதை வைத்து நம்புவது? தை மாசம் தாண்டியதும் இரண்டு வீட்டிலும் போய், இரண்டு பக்கம் சைக்கிள் மிதிக்க உடம்பு தாங்கவில்லை, ஒரே இடமாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். கந்தவேல், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். சிவசுப்பிரமணியம் சைக்கிள் வரைக்கும் வந்து, "வருத்தமில்லீங்களே பாய்?" என்று கேட்டார். இல்லீங்க என்றார் இவர். நஞ்சம்மாளுக்குத்தான் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாப்பிள்ளையே போயிட்டா நாங்க யாரைங்க கிண்டல் பண்றது" என்றாள்.

அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் நிலையான ஃபிட்டராகச் சேர்ந்தார். சேருகிற அன்று காலையில் சபுரா பீவி சோற்றுத் தூக்கைக் கொடுத்துவிட்டு, கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாமா என்று.

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கிற வரைக்கும் யோசித்தார்.

"அதை நான் சொன்னதுமே சின்னவரு நம்புனாரு. பொய்யான்னு கேக்கலை, எவஞ் சொன்னான்னு கேக்கலை. இத்தன வருசம் வாயத் தெறக்காத ஆளு சொல்றான்னுதான் நம்புனாரு. இதுக்கு முன்ன ஒரு வார்த்தை அங்கயும் இங்கயும் சொல்லியிருந்தா இது எடுபட்டிருக்காது. இத்தன வருசம் வாய மூடுனது இதுக்குத்தான் ஆச்சுன்னு வெச்சுக்க வேண்டியதுதான்."

அவள் தலையாட்டினாள். அவர் கிளம்பினார்.

புதுக் கம்பெனி முதலாளி இளவட்டம், நல்ல மனுசர், பேச்சு அதிகம். நாற்காலி போட்டு உட்கார வைத்து டீ சொன்னார். அந்த அண்ணன் தம்பி ஒன்று சேர்ந்துவிட்டார்களாமே, சாயம் போட்டு ஓட்டப் போகிறார்களாமே, என்ன நம்பர் நூல், எந்த வியாபாரி என்று அக்கறையாகக் கேட்டார்.

கியாசுதீன் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தார்.

"ஊசி எங்கீங்க வெச்சிருக்கீங்க?" என்றார்.